1792: எல்லையைக் காக்க இரண்டு சட்டங்கள்

1792-இல் இரண்டு மாத இடைவெளியில் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்கள், நாட்டின் எல்லைப் பாதுகாப்புக்கு எதிரெதிர் வழிகளைச் சொல்கின்றன. மார்ச் 5 சட்டம் சம்பளம் வாங்கும் நிரந்தரப் படையை நம்புகிறது. மே 8 சட்டம் மிலிஷியாவை, அதாவது தேவைப்படும்போது துப்பாக்கியோடு வரும் ஊர்க்காரர்களை நம்புகிறது.

இரண்டுக்கும் பின்னணி ஒன்றுதான். 1791 நவம்பர் 4 அன்று, இன்றைய ஓஹாயோவில், லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் தலைமையிலான பழங்குடிக் கூட்டணி அமெரிக்க ஜெனரல் செயின்ட் கிளேரின் படையை நொறுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். ஆற்றின் அக்கரையில் தங்கியிருந்த மிலிஷியா முதல் தாக்குதலிலேயே சிதறி, பிரதான முகாமுக்குள் ஓடிவந்து அங்கிருந்த அணிவகுப்பையும் குலைத்தது.

இதற்குப் பிறகும் மே மாதச் சட்டம் 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளையின ஆண்களை மிலிஷியாவில் சேர்த்து, துப்பாக்கி, பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), இரண்டு உபரிச் சக்கிமுக்கிக் கற்கள், 24 தோட்டாக்களுக்குக் குறையாத பை எல்லாவற்றையும் சொந்தச் செலவில் வாங்கச் சொன்னது. வாங்காதவருக்கு மத்திய அரசின் தண்டனை எதுவும் அதில் இல்லை. காகிதத்தில் பெரிய படை, அவ்வளவுதான்.

மார்ச் சட்டம் மூன்று புதிய ரெஜிமென்ட்களுக்கு, அதாவது படைப்பிரிவுகளுக்கு, அனுமதி தந்தது. சேவைக்காலம் மூன்று ஆண்டு வரை. நிலையான ராணுவம் என்றாலே அன்று பலருக்குப் பயம். அதனால்தான் பழங்குடிகளோடு சமாதானம் வந்ததும் இந்த ரெஜிமென்ட்களைக் கலைத்துவிட வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். இந்தப் படைக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் அந்தோணி வெய்ன் அவசரப்படாமல், பிட்ஸ்பர்க் அருகே குளிர்காலம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார். 1794 ஆகஸ்ட் 20 அன்று ஓஹாயோவின் ஃபாலன் டிம்பர்ஸில் பழங்குடிக் கூட்டணியை வென்றார். கென்டக்கியின் குதிரைப்படைத் தன்னார்வலர்களும் கூட இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் படையின் முதுகெலும்பு மார்ச் சட்டம் தந்ததுதான்.

ஆகவே பலனை மட்டும் பார்த்தால் என் ஓட்டு மார்ச் சட்டத்துக்கே. ஆனால் இரண்டு சட்டங்களுமே குடியேறிகளின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அந்தக் கூட்டணியில் இருந்த மயாமி, ஷானி பழங்குடி மக்களுக்கு அது எல்லை அல்ல, வீடு. 1795-இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஓஹாயோவின் பெரும்பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மே மாதச் சட்டமோ, ஓட்டைகளோடு 1903 வரை நீடித்தது.