புது கிளட்ச்: ஊருக்குள் பழக்குவதா, நெடுஞ்சாலையிலா?

புது கிளட்ச் மாட்டியதும் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்தால் பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டாப் கியரில் 300 கிலோமீட்டர் போனாலும் அங்கே கிளட்சுக்கு வேலையே இல்லை. கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். தட்டைப் பழக்கும் உரசல் நடப்பது கிளட்ச் பெடலை விடும் அந்த ஓரிரு நொடிகளில்தான். அதனால் என் ஓட்டு, நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்துக்கே. புது கிளட்ச் பழகப் பொதுவாகச் சொல்லப்படும் 800 கிலோமீட்டரும் இந்த ஊர் ஓட்டத்தைத்தான் குறிக்கும்.

சரி, அதற்காக நெரிசலில் பாதி பெடலில் ஊரக்கூடாது. தட்டு சூடேறி, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்து, அப்புறம் பிடிப்பு குறையும். குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுழலும் வேகத்தில்) வண்டியைக் கிளப்பி, பெடலை முழுதாக விட்டுவிடுங்கள். சுமை இழுப்பது, சீறிக் கிளம்புவது இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.