கண்ணாடிக்கு ஏது இறந்த தோல்?

மூன்று ஆண்டுகளாக என் முகத்துக்கு ஜெல் வகை மாய்ஸ்சரைசர்தான். எண்ணெய் வடியும் சருமம்; கிரீம் பூசினால் அரை மணி நேரத்தில் முகம் மினுங்கிவிடும். வாங்கிய டப்பாக்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ‘கார்போமர்’ என்ற பெயர் இருந்தது. தொல்லை வரும்வரை அதை நான் பொருட்படுத்தியதில்லை.

ஜெல்லுக்கு மேல் சன்ஸ்கிரீன் தேய்க்கத் தொடங்கியதும் கன்னமெங்கும் வெள்ளைத் திரிகள், ரப்பரால் அழித்த தாளைப் போல. இறந்த தோல் உதிர்கிறது என்று நினைத்து, அதை உருட்டி எடுப்பதாகச் சொல்லி விற்கும் ஒரு பீலிங் ஜெல் வேறு வாங்கினேன். அது இன்னும் தாராளமாகத் திரிதிரியாக உருட்டிக் கொடுத்தது, மனம் குளிர்ந்தது. ஒருநாள் சந்தேகம் தட்டி, கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டில் அதைத் தேய்த்துப் பார்த்தேன். அதே திரிகள்!

பிறகுதான் டப்பாக்களில் இருந்த கார்போமர் என்ற பெயரைத் தேடிப் படித்தேன். கார்போமர் என்பது அக்ரிலிக் அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த பாலிமர், அதாவது மிகப் பெரிய மூலக்கூறு. குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள் இதற்குப் பங்காளி முறை. கார்போமர் வெறும் நீரில் சுருண்டு கிடக்கும். அமிலத்தைச் சமன்செய்யும் காரம் (alkali) சிறிது சேர்த்தால் சங்கிலிகளில் எதிர்மின்சுமை ஏறி, ஒன்றையொன்று தள்ளி, விரிந்து நீரைச் சிறைப்பிடிக்கும். 0.5 சதவீதம்கூடத் தேவையில்லை, ஜெல் கெட்டியாகிவிடும். ‘எவ்வளவு கெட்டி, சத்து அதிகம்’ என்று நான் மெச்சியதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரை.

உப்பு இதற்கு ஆகாது. ஜெல்லில் ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினால் நீர்த்து ஓடிவிடும். தோலில் பட்டதும் இளகிப் பரவும் அந்தச் சுகத்துக்கும் வியர்வை உப்பு ஒரு காரணம். உள்ளே ஊறுகிறது என்றே எண்ணியிருந்தேன். இத்தனை பெரிய மூலக்கூறு தோலுக்குள் நுழையாது. மேலே படலமாகக் காயும். காய்ந்ததைத் தேய்த்தால் திரி.

இப்போது பாதி அளவே பூசி, நன்கு காயவிட்டு, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றுகிறேன். அவசரமான காலைகளைத் தவிர திரி வருவதில்லை. இடையில் சாந்தன் கம் சேர்த்த ஜெல்லையும் முயன்றேன். உப்புக்கு அசையாத பசைதான், ஆனால் கொழகொழவென்று விரலோடு நூல் இழுத்தது. இரண்டே மாதத்தில் கார்போமருக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு இதுவரை எரிச்சலோ பருவோ இல்லை. பீலிங் ஜெல்லில் பாதி மிச்சமிருக்கிறது. வீட்டுக்கு வருபவர்களுக்குக் கண்ணாடித் தட்டில் தேய்த்துக் காட்டப் பயன்படுகிறது.