ஆம்னி வேனுக்குக் காயில்: புதுசா, பழசா, யார் கையால்?

பழைய கார்புரேட்டர் ஆம்னி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இந்தக் கதை தெரிந்திருக்கும். காலையில் ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கும், ஊருக்குள் குறை சொல்ல முடியாது, வெயிலில் தொப்பூர் கணவாய் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்து அப்படியே நின்றுவிடும். ஓரமாக ஒதுக்கி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காதது போல ஓடும். எங்கள் வண்டி இப்படி மூன்று முறை செய்தது. முதல் முறை பெட்ரோல் பம்ப்பை மாற்றினோம், தண்டம்.

சூடானால் நிற்பதும் ஆறினால் ஓடுவதும் பழுதாகத் தொடங்கிய இக்னிஷன் காயிலின் (பேட்டரியின் 12 வோல்ட்டைப் பெரிதாக்கி பிளக்கில் ஸ்பார்க் வரவைப்பது) குணம். உள்ளே தலைமுடி போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்று இருக்கும், அதன் மேல்பூச்சு ஓரிடத்தில் போய்விட்டால் சூட்டில் ஷார்ட் ஆகும், ஆறியதும் சரியாகிவிடும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை.

மெக்கானிக்கா, வீட்டிலேயேவா? கழற்றி மாட்டுகிற வேலை ஒன்றுமே இல்லை. ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் நடுவிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் காயில் வந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இரண்டு சின்ன வயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, கிளாம்ப்பை லூஸ் செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது. பிளஸ் மைனஸ் மாறினாலும் வண்டி ஓடும், ஸ்பார்க்தான் சோனியாக இருக்கும், அதனால் தப்பு நடந்ததே தெரியாது. அதற்குத்தான் அந்தப் படம்.

ஆனால் மெக்கானிக்குக் கொடுக்கிற காசு கழற்றி மாட்டுவதற்கு இல்லை, குற்றவாளி காயில்தானா என்று சொல்வதற்கு. அவரிடம் நன்றாக ஓடும் காயில் ஒன்று எப்போதும் கிடக்கும், மாட்டிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் அந்த வசதி கிடையாது. வண்டி நின்ற அந்த நேரத்திலேயே கேப்பிலிருந்து அந்தத் தடித்த நடு வயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடலை எஞ்சின் இரும்போடு ஒட்டி வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும் (கையில் பிடிக்காதீர்கள், 20,000 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும், பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்). நீலமாகச் சுளீரென்று அடித்தால் காயிலை விட்டுவிட்டு கேப், அதற்குள் சுற்றும் ரோட்டார், பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக மினுக்கினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ சந்தேகம் வலுக்கும், ஆனால் பாயின்ட்டையும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் சின்ன ஸ்விட்ச்) காயில் பிளஸ்ஸில் கரண்ட் வருகிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆறிய காயிலை மீட்டரில் வைத்துப் பார்த்து நல்லது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், எங்களுடையது ஆறியபோது அருமையான கணக்குக் காட்டியது.

இப்போது எந்தக் காயில் என்ற சண்டை. கம்பெனி டப்பாவில் வரும் ஒரிஜினலா, வெளி பிராண்டா என்பதை விட முக்கியம் பிரைமரி ஓம் கணக்கு, அதாவது இரண்டு சின்ன வயர் மாட்டும் முனைகளுக்கு நடுவே மீட்டர் காட்டும் தடை. கடைக்காரர் 'எல்லாம் 12 வோல்ட்தானே சார்' என்பார். 3 ஓம் காயிலில் 12 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர், 1.5 ஓம் காயிலில் 8 ஆம்பியர். இரண்டாவது வகைக்கு முன்னால் கரண்ட்டைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் என்ற சின்னப் பீங்கான் துண்டு இருக்க வேண்டும். அது இல்லாத வண்டியில் அந்தக் காயிலை மாட்டினால் பாயின்ட் கருகும், காயிலும் அடுப்பாகக் கொதிக்கும். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டி என்றால் அதற்கென்று சொன்ன காயில் மட்டும், அங்கே மிச்சம் பிடிக்கப் போனால் பாயின்ட்டின் வேலையைச் செய்யும் இக்னைட்டர் போகும், அது காயிலை விடச் செலவு. அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே இரண்டையும் மீட்டரில் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

கணக்குப் பொருந்தினால் பெயர் உள்ள வெளி பிராண்டே எனக்குப் போதும். ஒரிஜினல் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் 2019-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டிக்கு, அதிலும் கார்புரேட்டர் மாடலுக்கு, எல்லாக் கடையிலும் அது இருக்காது. டப்பா மட்டும் ஒரிஜினலாக இருக்கும் டூப்ளிகேட்டும் உண்டு. பெயரே இல்லாத மலிவுக் காயிலை மட்டும் தொடவே மாட்டேன்.

உருண்டை டப்பாவில் எண்ணெய் ஊற்றிய பழைய வகையா, கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த வகையா என்றும் கேட்பார்கள். பிளாஸ்டிக் வகையில் ஒழுக எண்ணெய் இல்லை. ஆனால் உருண்டைக்குக் கிளாம்ப் அப்படியே பொருந்தும், பிராக்கெட்டுக்கு லேத் பட்டறை தேட வேண்டாம், அதற்காகவே நான் உருண்டையோடு நின்றுகொண்டேன்.

அப்புறம் சென்னையில் பழைய வண்டிப் பாகம் விற்கும் புதுப்பேட்டை. காயலான் கடைக் காயில் மலிவு, மாட்டினால் உடனே ஓடவும் ஓடும், ஆனால் சூட்டில் என்ன செய்யும் என்று அங்கே நின்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே வாங்கிய ஒன்றை மே மாதத்தில் இரண்டு வாரம் வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, புதியதை மாட்டிய பிறகு, துணியில் சுற்றி 10 நம்பர் ஸ்பானரோடு சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறேன்.