தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு லாஜிடெக் கே120 எப்படி?

வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்கும்போது பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் அலசிப் பார்க்கிறோம். கீபோர்டு என்று வந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்றே வகுத்த தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பவர்கள் அப்படி வாங்கினால் தினமும் அவதிதான்.

காரணம், எழுத்துகள் அமைந்திருக்கும் இடம். தமிழ்99-ல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் ஆங்கில எழுத்துக் கீகளில் இல்லை, [ ] ; ' / என்ற குறியீட்டுக் கீகளில் இருக்கின்றன. 'செய்தி' என்று அடித்துப் பாருங்கள், ச, ய இரண்டுமே வலது சுண்டுவிரல் பக்கம்தான் விழும். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த குட்டி வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் இந்தக் கீகளைத்தான் முதலில் ஒடுக்குவார்கள், அல்லது வேறு வரிசைக்குத் தள்ளுவார்கள். கே120-ல் அந்தத் தொல்லை இல்லை. நம்பர் பேடுடன் கூடிய முழு அளவு கீபோர்டு. குறியீட்டுக் கீகளும் மற்ற எழுத்துக் கீகளின் அகலத்திலேயே இருக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது விஷயம், அடுத்தடுத்து தட்டுவது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்: க, க என்று தட்டினால் 'க்க'. கீகளுக்கு அடியிலுள்ள ரப்பர் குமிழ் தளர்ந்த மட்டமான கீபோர்டில் இரண்டாவது தட்டு பதியாமல் போய், 'பக்கம்' என்பது 'பகம்' ஆகிவிடும். எழுத்துப்பிழை என்று நம்மையே நொந்துகொள்வோம், கோளாறு கீயில் இருக்கும். கே120-ம் ரப்பர் குமிழும் அதன் அடியில் மெம்ப்ரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் கொண்ட வகைதான், ஆனால் குமிழ் சட்டென்று எழும்புகிறது; வேகமாக இரட்டித்தாலும் விட்டுப்போவதில்லை. கீ ஒவ்வொன்றும் 1 கோடி அழுத்தம் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டின் துல்லியமான உணர்வை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது நோட்பேடைத் திறந்து வைத்து, ஸ்பேஸ் பாரின் இரு ஓரங்களையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். ஷிஃப்ட், என்டர் கீகளையும் அப்படியே. ஓரத்தில் அழுத்தும்போது சிக்கினால் அடியிலுள்ள கம்பி சரியாக உட்காரவில்லை என்று பொருள். வேறு பீஸ் கேளுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., கீபோர்டின் அடியில் சீரியல் எண் ஸ்டிக்கர் ஆகியவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 500 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள் இது. அதற்கு மிகக் குறைவாகச் சொன்னால் போலியோ என்று சந்தேகப்படலாம்.

வயர் 1.5 மீட்டர்தான். சிபியு மேஜைக்கு அடியில் இருந்து, பின்பக்க போர்ட்டில் செருகினால் இழுத்துப் பிடிக்கும். முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் போதும். வயர் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு: பேட்டரி வேண்டாம், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலும் வேலை செய்யும்.

60 மி.லி. வரை திரவம் கொட்டினால் அடியிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். டீக்கடை கிளாஸ் அதைவிடப் பெரிது என்பதை மறந்துவிடாதீர்கள். கொட்டிவிட்டால் முதலில் யுஎஸ்பியைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். தண்ணீர் என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும். சர்க்கரை போட்ட காபி, டீ என்றால் உலர்ந்த பிறகும் கீகள் பிசுபிசுக்கும். ஹேர் டிரையர் வெப்பம் மெம்ப்ரேனை வளைத்துவிடும், அது வேண்டாம்.

கீகளில் தமிழ் எழுத்து அச்சாகி வருவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் கீயின் மேற்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக, மூலை வளைந்ததாக வாங்குங்கள். ஓரம் வரை வரும் ஸ்டிக்கர் வியர்வை பட்டுச் சுருண்டு, பக்கத்துக் கீயில் உரசும். ஒட்டும் முன் கீகளைத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குவது அவசியம்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் வழியாகத் தமிழைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

விளக்கொளி கிடையாது, இருட்டில் அடிப்பவர்களுக்கு உதவாது. ஒரே நேரத்தில் நான்கைந்து கீ அழுத்தும் கேம்களுக்கும் சரிவராது. சில சேர்க்கைகளில் மூன்றாவது கீ பதியாது. உயரத்துக்காக விரிக்கும் பின்கால்கள்தான் இதன் பலவீனமான பாகம். கால்கள் விரிந்த நிலையில் கீபோர்டைப் பின்னால் தள்ளினால் உடைந்துவிடும். நகர்த்துவதென்றால் தூக்கி வையுங்கள்.