ஆடி முதிர்ந்தவரைப் படமாக்க எந்த வழி? நடிகையா, ஆவணப்படமா, ஆடியவரேயா?

பிரித்தானிய பாலே ஆட்டக்காரி மார்கோ ஃபொன்டெயின் 1962 பெப்ரவரியில் லண்டனில் 'ஜிசெல்' என்ற பாலே ஆடியபோது அவருக்கு 42 வயது. கூட ஆடிய ருடால்ஃப் நூரியேவுக்கு 23. முந்திய ஆண்டுதான் பாரிஸில் வைத்து சோவியத் குழுவை விட்டு வெளியேறியவர் நூரியேவ். பாலேயில் 42 என்பது பெரும்பாலானோர் மேடையை விட்டு இறங்கிவிடும் வயது. ஃபொன்டெயினும் ஓய்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அதன் பிறகும் 17 ஆண்டுகள் ஆடினார். 1964இல் அவருடைய கணவர் டிட்டோ அரியாஸ் பனாமாவில் சுடப்பட்டார். கைகால் அசைவில்லாமல் போயிற்று. அந்த வைத்தியச் செலவையும் தன் கால்களாலேயே உழைத்துக் கட்ட வேண்டிய நிலை ஃபொன்டெயினுக்கு. 1979இல், 60 வயதில்தான் அவர் ஓய்ந்தார்.

படமெடுக்க இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? ஆனால் எடுக்க உட்காருகிறவருக்கு முதல் நாளே ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்தப் பெண்ணாக யார் ஆடுவது? நல்ல நடிகைக்கு பாலே வராது. பாலே வருகிற இளம்பெண் ஆடினால் வயது போய்விடும், வயது போனால் கதையே இல்லை. அதே வயதில் அதே தரத்தில் ஆடுகிறவர் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருப்பார்கள், அவர்களுக்கும் நடிப்பு வர வேண்டும்.

இதைப் பற்றி எழுதக் காரணம், மட்டக்களப்பு கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகத்தைச் சுற்றிப் படமெடுக்கும் ஆசையோடு திரிகிற பிள்ளைகள். வயதான கூத்துக் கலைஞர் ஒருவரை வைத்துக் குறும்படம் எடுக்க வேண்டும் என்று அவர்களில் சிலர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். எப்படி எடுப்பது என்று தொடங்கிய பேச்சில், வெளியில் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று படங்களைப் போட்டுப் பார்த்தோம். மூன்று வழிகள் தெரிந்தன. மூன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: ஆடுகிறவரின் முகமும் பாதமும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றனவா? முதிர்ந்த ஆட்டக்காரருக்குக் கால் நோகிறது. அந்த நோவை முகம் மறைக்கிறதா, மறைக்க முடியாமல் போகிறதா என்பதில்தான் முழு நாடகமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக் கதைதான்.

முதல் வழி, பேர்பெற்ற நடிகையைப் போடுவது. ஃபொன்டெயினின் கதையை 2009இல் பிபிசி 'மார்கோ' என்ற தொலைக்காட்சிப் படமாக எடுத்தது. ஆன்-மேரி டஃப் நடித்தார். ஒரு விடயத்தில் இந்த வழியை அடிக்க முடியாது. வீட்டுக்குள் போக முடியும். கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்ததை, பணக் கணக்கை, துணையாக ஆடும் இளைஞன் மேல் இருந்தது என்ன வகையான பாசம் என்ற கேள்வியை, நல்ல நடிகை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஆவணப்படக் கமெரா எத்தனை ஆண்டு காத்துக் கிடந்தாலும் அந்த அறைக்குள் நுழைய விடமாட்டார்கள்.

1977இல் வந்த 'தி டர்னிங் பொயின்ட்' இந்த வழியின் உச்சம். ஆன் பான்கிராஃப்ட் வயதேறும் பாலே நட்சத்திரம். ஷர்லி மக்லெய்ன் குடும்பத்துக்காக ஆட்டத்தை விட்ட பழைய தோழி. ஒருத்திக்கு மேடை இருக்கிறது, வீடு இல்லை. மற்றவளுக்கு வீடு இருக்கிறது, மேடை இல்லை. இரண்டு பேரும் கடைசியில் கைப்பையால் அடித்துக்கொள்ளும் காட்சி இன்றைக்கும் பார்க்கப் பதறவைக்கிறது. படத்துக்கு 11 ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன, ஒன்றிலும் விருது கிடைக்கவில்லை. இயக்குநர் ஹெர்பர்ட் ரொஸ் முன்னாள் நடன அமைப்பாளர். அவருடைய மனைவி நோரா கே பேர்பெற்ற பாலே ஆட்டக்காரி. அந்த உலகத்தின் நெடி தெரிந்தவர்கள் எடுத்த படம். அதனால்தான் பான்கிராஃப்டை அதிகம் ஆடவிடாமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன். படத்தில் உண்மையாகப் பறக்கிற ஆட்டமெல்லாம் மிகாயில் பரிஷ்னிகோவ் போன்ற ஆட்டக்காரர்களுடையது. கதையின் நடுவில் நிற்கிற பெண்ணின் ஆட்டத்தை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஊகிக்க மறுப்பவர்களும் உண்டு. படுவான்கரைப் பக்கத்து முதிய அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், ஒருவர் எங்களோடு இருந்து இந்த வகைப் படமொன்றின் சில காட்சிகளைப் பார்த்தார். கதை அவருக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் வந்ததும் முன்னுக்குச் சாய்ந்தார். கொஞ்சம் பார்த்துவிட்டுப் பின்னுக்கு நிமிர்ந்தார்.

"அந்தப் பொம்புள ஆடல்லகா. ஆடுற மாதிரி நிக்கிது."

"அண்ணாவியார், அவ நடிகை. பாலே பழகின ஆள் இல்ல."

"அது வெளங்குது மனே. கால ஏன் காட்டுறாங்க இல்ல எண்டுதான் கேக்கன்."

அவர் கேட்டதுதான் கேள்வி. பதிலாள் வைத்து எடுத்தாலும் இது தீராது. இடுப்புக்கு மேலே நடிகை, பாதத்துக்கு வேறொரு பெண் என்று வெட்டி வெட்டி ஒட்டும்போது முகத்தில் ஒரு வலியும் காலில் ஒரு வேலையும் தனித்தனியாக நடக்கும். 2010இல் வந்த 'பிளாக் ஸ்வான்' படத்தில் நட்டலி போர்ட்மன் எவ்வளவு ஆடினார், பதிலாள் சாரா லேன் எவ்வளவு ஆடினார் என்று பெரிய சச்சரவே எழுந்தது. அதுவாவது இளம் ஆட்டக்காரியின் கதை. முதிர்ந்தவரின் கதையில் இந்த ஒட்டு இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் பதிலாளின் கால் எப்போதும் இளமையான கால்.

இந்த வழிக்கு நம் பக்கத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கே. விஸ்வநாத்தின் 1983ஆம் ஆண்டுத் தெலுங்குப் படம், தமிழில் 'சலங்கை ஒலி'யாக நாம் பார்த்தது. முப்பதைத் தொடாத கமல்ஹாசன், குடித்துத் தேய்ந்த நடுவயது ஆட்டக்காரனாக வருகிறார். பத்திரிகை அலுவலகத்தில், தான் குறைசொல்லி எழுதிய நர்த்தகிக்கு அந்த ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று வேறு வேறு நடன முறைகளில் ஆடிக் காட்டுவார். தளர்ந்த உடம்பு தன் தளர்ச்சியை மறந்துபோவதும், ஆடி முடிந்ததும் திரும்பவும் தளர்ந்துகொள்வதும் ஒரே உடம்பில் தெரியும். முகமும் பாதமும் ஒன்றாகவே வரும். நடனம் முறையாகப் பழகிய நடிகர் கிடைத்தால் முதல் வழியும் சரிப்படும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அப்படி ஒருவர் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை கிடைப்பார்?

இரண்டாவது வழி ஆவணப்படம். 2016இல் வந்த 'ரெஸ்ட்லெஸ் கிரீச்சர்', நியூயோர்க் சிற்றி பாலேயின் வெண்டி வீலன் ஓய்வை நெருங்கிய காலத்தைப் பின்தொடர்கிறது. இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை, பிறகு மெல்ல மெல்ல மேடைக்குத் திரும்புதல், 2014இல் 47 வயதில் விடைபெறுதல். இங்கே நடிப்பு இல்லை. நோவும் காலும் முகமும் ஒரே ஆளுடையவை. 'நட்கிராக்கர்' படைப்பில் தனக்கு வழக்கமாக வரும் பாத்திரம் இனி இல்லை என்று சொல்லப்பட்டபோது எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லும்போது, எந்த எழுத்தாளரும் எழுதியிருக்க முடியாத ஒரு தடுமாற்றம் குரலில் வந்து போகும். பாலே நிறுவனங்கள் வயதை இப்படித்தான் அறிவிக்கின்றன: யாரும் உங்களை வெளியே போகச் சொல்வதில்லை, பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது சத்யஜித் ராய் 1976இல் பாலசரஸ்வதியை வைத்து எடுத்த 'பாலா'. 58 வயதில் அவர் கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுகிறார். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. உடம்பு பருத்திருக்கிறது, சுற்றுகள் சிறுத்திருக்கின்றன, ஆனால் குழந்தையை அழைக்கிற அந்தக் கையிலும் கண்ணிலும் வயதுக்கு வேலையே இல்லை. அவருடைய இளமைக்கால ஆட்டம் எதுவும் இப்படிப் படத்தில் நமக்கு மிஞ்சவில்லை என்ற கவலையும் பார்க்கும்போது கூடவே வருகிறது. அதுதான் ஆவணப்படத்தின் வறுமை. கமெரா போய்ச் சேர்ந்த நாளுக்கு முந்தியதைக் காட்ட அதனிடம் பழைய புகைப்படமும் மற்றவர்களின் வாய்ப்பேச்சும்தான் இருக்கும். ஃபொன்டெயினுக்கு அந்தக் குறை இல்லை. மேடை ஆட்டத்தையே படமாக்கிய 1966ஆம் ஆண்டு 'ரோமியோ ஜூலியட்'டில் 46, 47 வயதில் பதின்மூன்று வயதுச் சிறுமியாக அவர் ஆடுவதை இன்றைக்கும் பார்க்கலாம். ஆட்டம் முழுசாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் சுடப்பட்ட கணவரை அங்கே தேட முடியாது.

மூன்றாவது வழியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஆடியவரையே தன் கதையில் ஆட வைப்பது. கியூபாவின் பாலே ஆட்டக்காரர் கார்லோஸ் அகோஸ்டாவைப் பற்றி இசியார் பொயயின் இயக்கிய 'யூலி' 2018இல் வந்தது. சிறுவயதையும் இளமையையும் வேறு நடிகர்கள் நடிக்கிறார்கள். நாற்பதைக் கடந்த அகோஸ்டா தானாகவே வந்து, ஹவானாவில் தன் குழுவோடு தன் வாழ்க்கையையே ஒரு நடனமாக ஒத்திகை பார்க்கிறார். அந்த ஒத்திகையில் அவர் ஏற்கிற பாத்திரம் தன் தகப்பன். தன்னை அடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட வைத்த அந்த மனிதனை, மகனே ஆடிக் காட்டுகிறார். இளைய ஆட்டக்காரன் அடிவாங்குகிற மகனாகிறான்.

இந்த ஏற்பாடு செய்யும் வேலையைக் கவனியுங்கள். முதிர்ந்த உடம்பை இளமையாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. அந்த வயதுக்கே உரிய பாத்திரம் அதற்குக் கிடைக்கிறது. பழைய காலத்துக்கு நாடகம் உண்டு, இன்றைய நோவுக்கு உண்மையான கால் உண்டு. சாத்திய கதவுக்குள்ளும் போகலாம், ஒத்திகைக் கூடத்தில் முகத்தையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கவும் செய்யலாம். குறை இல்லாமல் இல்லை. தன் கதையைத் தானே சொல்கிறவர் தனக்குச் சங்கடமானதைத் தவிர்க்கக்கூடும். அதற்குத்தான் வெளியாள் ஒருவர் திரைக்கதை எழுத வேண்டும். 'யூலி'யின் திரைக்கதை போல் லாவர்ட்டியுடையது.

மட்டக்களப்பில் எடுப்பவர்களுக்கு இந்த வழி இன்னொரு காரணத்தாலும் பொருந்துகிறது. பாலே தன் முதியவர்களுக்கு மேடையில் வைத்திருக்கும் இடம் மிகக் குறைவு. ஆகவே அந்தப் படங்கள் எல்லாம் இழப்பின் கதையாகவே முடிகின்றன. நம் கூத்தில் ஆடிக் கால் தளர்ந்தவர் களரியை, அதாவது ஆடுகளத்தை, விட்டுப் போவதில்லை. மத்தளத்தோடு, அல்லது ஏட்டோடு, களரிக்குள்ளேயே நிற்கிறார். முழுக் கூத்தும் அவருடைய தலைக்குள் இருக்கிறது. அருச்சுனனாக ஆடியவர் பத்து அருச்சுனன்களைப் பழக்குகிறார். இதைப் பாலேப் படங்களைப் பார்த்து 'வீழ்ந்த நட்சத்திரம்' கதையாக எழுதினால் பொய்யாகிவிடும். கூத்துக்காரருக்கு வறுமை உண்டு, நோய் உண்டு, கேட்பாரற்றுப் போன கவலை உண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தனிமை உண்டு. களரியில் மட்டும் அவர் கீழிறங்கவில்லை.

அந்த அண்ணாவியார் பழக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மத்தளம் அடிக்கிறார். வடமோடி என்ற கூத்து வகையில் அரசன் களரிக்குள் வந்து ஆடும் வரவு. ஆடுகிற பொடியன் 'ததிங்கிணதோம்' என்று தீர்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அரை அடி பிந்துகிறான். மூன்று நான்கு தரம் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. மத்தளத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழும்பினார். இடது கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வலது காலால் மட்டும் மண்ணில் அந்தத் தீர்மானத்தை மிதித்தார். உடம்பு பாதிதான் திரும்பியது. மிச்சப் பாதியைத் தலையும் கண்ணும் திரும்பி முடித்தன. முழங்கால் நொந்தது கன்னத்தில் ஒரு துடிப்பாக வந்து போனது. பொடியன் அடுத்த முறை சரியாக மிதித்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து மத்தளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எந்த நடிகர் இதைச் செய்வார்? அந்தக் காலும் கன்னமும் தனித்தனி ஷொட்டாக இருந்தால் இதில் என்ன மிஞ்சும்?

ஆகவே எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு என் பரிந்துரை இதுதான். அண்ணாவியார் அண்ணாவியாராகவே இருக்கட்டும். அவருடைய இளமையை அவரிடம் பழகும் ஒருவனே ஆடட்டும். யாராவது சினிமா முகத்தைத் தேட வேண்டாம். வீட்டுக் காட்சிகளை எழுதி நடிக்க வையுங்கள், ஆனால் எழுதியதை முதலில் அவருக்கும் வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த அம்மாவுக்கு இருக்கிற கோபங்களும் படத்தில் வர வேண்டும். ஒருவர் இரவிரவாக ஆடித் திரிந்த காலத்தில் வீட்டைத் தாங்கியவர் அவர். ஆடுவோருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுக்கும் நாளிலிருந்து, கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற படிகளோடு அரங்கேற்றம் வரை முழுப் பழக்கத்தோடும் கூடவே இருங்கள், அரங்கேற்ற இரவுக்கு மட்டும் கமெராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கமெராவைக் களரியின் ஓரத்தில், ஆள் முழுவதும் தெரிகிற தூரத்தில் ஊன்றி வையுங்கள். கிட்ட போக ஆசை வரும். அந்த ஆசையை அவர் இருந்து கதைக்கிற காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். குறைந்தது ஒரு வரவையாவது, நாலு நிமிடம் போனாலும், வெட்டாமல் முழுசாக விடுங்கள்.