பிளக் பாயிண்ட் இல்லாத தெருவில் படம் போடுகிறோம்: பவர் ஸ்டேஷன் அனுபவம்

பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பங்களிலும் பள்ளிக்கரணை ஓரத் தெருக்களிலும் திரை கட்டிக் குழந்தைகளுக்குப் படம் போடுகிறோம். புரொஜெக்டர், லேப்டாப், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், அவ்வளவுதான் சாமான். கேட்டால் எந்த வீட்டிலும் கரண்ட் கொடுப்பார்கள். ஆனால் ஈரத்தெருவில், பிள்ளைகள் ஓடும் இடத்தில் 230 வோல்ட் ஒயர் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் சில வருடங்களாக எல்லாமே பேட்டரியில்தான் ஓடுகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் வாட் ஹவர், அதாவது எத்தனை வாட்டை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற கணக்கு. பவர் பேங்க் மேல் 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர்) என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட் ஹவர். வோல்ட்டை மாற்றுவதில் போனது போக, கைக்கு வருவது அறுபது சொச்சம். மலிவு விலையில் 50,000 என்று விற்பதைக் கையில் தூக்கிப் பாருங்கள். நிஜமான 20,000 பவர் பேங்க்கே முந்நூறு, நானூறு கிராம் இருக்கும். 50,000 அதைவிட லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

என்னிடம் இருப்பது 512 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கும் தூக்கிச் செல்லும் பெட்டி. ஈபி கணக்கில் அரை யூனிட். புரொஜெக்டர் 90 வாட், லேப்டாப் 40, ஸ்பீக்கர் 20 என்றால் மணிக்கு 150 வாட் ஹவர் வேண்டும். மூன்று மணி நேரம் தாராளமாக வரும் என்று தோன்றும். எல்லாவற்றையும் ஏசி பிளக்கில், அதாவது வீட்டுக் கரண்ட் போன்ற 230 வோல்ட் தரும் பிளக்கில் சொருகினால் வராது. பேட்டரியின் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏசியாக்குவதில் பத்து, பதினைந்து சதவீதம் போகிறது. ஒன்றுமே மாட்டாமல் ஏசி பட்டனை ஆன் செய்து வைத்தாலே இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். லேப்டாப் சார்ஜரோ அந்த ஏசியை மறுபடி டிசியாக்குகிறது. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவது போல.

இப்போது லேப்டாப் டைப்-சி பிடி (பவர் டெலிவரி, அதிக வாட் தருவது) போர்ட்டில் நேராக, ஸ்பீக்கர் 12 வோல்ட் போர்ட்டில் நேராக, புரொஜெக்டர் மட்டும் ஏசியில். படம் முடிந்து, பிள்ளைகள் மைக்கைப் பிடித்துப் பாடி முடித்த பிறகும் பேட்டரியில் மிச்சம் இருக்கிறது. இதற்காகப் பெரிய பெட்டி வாங்கத் தேவையே இல்லை, நல்ல கேபிள் போதும். டைப்-சியில் 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும், உள்ளே சிப் வைத்த கேபிள் வேண்டும். சாதாரணக் கேபிள் 60-லேயே நின்றுவிடும். 12 வோல்ட் ஜாக் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பாருங்கள்.

ஏசி எடுப்பதாக இருந்தால் வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும். மற்ற வகையில் ஸ்பீக்கர் உறுமும், ஃபேன் மோட்டார் சூடாகும்.

இதற்கு முன்னால் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரிகளைச் சுமந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், எனவே கையில் 42 வாட் ஹவர்தான். ஜெனரேட்டர் போட்டால் படத்தின் வசனமே கேட்காது.

செல் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் கொஞ்சம் கனம், ஆனால் இரண்டாயிரம், மூவாயிரம் முறை சார்ஜ் ஏற்றலாம். சாதாரண லித்தியம் அயான் பெரும்பாலும் ஐந்நூறு, எண்ணூறு முறையில் தளர்ந்துவிடும். எதுவானாலும் சென்னை வெக்கைதான் எதிரி. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். நிகழ்ச்சி இல்லாத வாரங்களில் பாதி சார்ஜில், வீட்டுக்குள் தரையில் வைத்துவிடுகிறேன். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் போர்ட்களை உலர்ந்த துணியால் துடைப்பேன், உப்புக்காற்று பித்தளையைச் சும்மா விடாது.

சோலார் பேனல் 100 வாட், மடக்குவது. மொட்டை மாடியில் நல்ல வெயிலில் 65, 70 வாட் வரும். பேனல் சூடாகச் சூடாக, அதே வெயிலுக்கும் உற்பத்தி கொஞ்சம் குறையும். ஏப்ரல் கடைசியில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும், அப்போது பேனலைப் படுக்கவே வைக்கலாம். டிசம்பரில் தெற்குப் பார்த்து நன்றாகச் சாய்க்க வேண்டும். தென்னங்கீற்று நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே வாட் சரிந்துவிடும். பெட்டியை மட்டும் பேனலின் நிழலில் வையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான் இந்தப் பெட்டியின் அருமை தெருவுக்கே தெரிந்தது. ஒரு போனுக்கு இழப்போடு 25 வாட் ஹவர் என்று வைத்தால் இருபது போன் ஏற்றலாம். ஆனால் முதல் உரிமை மேல்வீட்டு அம்மாவின் நெபுலைசருக்கு. பத்து நிமிடம் ஓட 25 வாட் ஹவருக்குள்தான் ஆகும். அவர் மூச்சு சீரானதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் போனை வாங்கினேன். அந்த மழை இருட்டில் பேனலும் பத்து வாட்தான் கொடுத்தது. அதனால் அக்டோபர் பிறந்தால் பாதி சார்ஜ் விதியை விட்டுவிட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் முழுக்க ஏற்றிவிடுகிறேன்.

குறை என்றால் சதவீதக் காட்டி. 18 காட்டிக்கொண்டே அணைந்திருக்கிறது, அதுவும் கதையின் உச்சத்தில். என் பெட்டியில் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் கிட்டத்தட்ட கடைசிவரை பெரிதாக மாறாது என்பதால் மீட்டருக்குக் கணக்கு நழுவுகிறது. அவ்வப்போது 100 வரை முழுக்க ஏற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து வாங்கினால் 1,000 வாட் ஹவர் பெட்டி வேண்டாம், இதே அளவில் இன்னொன்று போதும். ஒன்று தெருவுக்குப் போகும்போது இன்னொன்று மாடியில் ஏறிக்கொண்டிருக்கும். குறுகலான சந்தில் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகவும் முடியும்.