ஃப்ளாரன்ஸில் எதில் ஏறலாம்: குவிமாடமா, மணிக்கோபுரமா?

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள். பக்கத்திலேயே நிற்கும், ஓவியர் ஜொத்தோவின் மணிக்கோபுரத்துக்கு 414. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. நான் இரண்டிலும் ஏறினேன், ஒரே நாளில் அல்ல. முழங்கால்மேல் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு.

குவிமாடத்தில் ஏறும் வழியே ஒரு காட்சிதான். கட்டடக் கலைஞர் புருனெல்லஸ்கி 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்த இந்தக் கூரை, உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகள். படிகள் அந்த இடைவெளியில்தான் போகின்றன. மேலே போகப் போகச் சுவர் சாய்கிறது, நாமும் உடம்பைச் சாய்த்தே நடக்கிறோம். செங்கற்களை மீன்முள் போல மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம். நடுவழியில் வசாரியும் ஜுக்காரியும் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். கீழிருந்து பொடிசாகத் தெரிந்த நரகத்துப் பேய்கள் அருகில் பார்த்தால் ராட்சதர்கள்!

ஆனால் நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் ஏற முடியாது. பாதை குறுகல். இடுக்கில் மூச்சு முட்டுபவர்களுக்கு இது வேண்டாம்.

மணிக்கோபுரம் அவ்வளவு பாடுபடுத்தாது. 1334-இல் தொடங்கிய ஜொத்தோ மூன்றே ஆண்டுகளில் இறந்துபோக, மற்றவர்கள் 1359-இல் முடித்தார்கள். இடையிடையே தளங்கள் இருப்பதால் நின்று மூச்சு வாங்கலாம். உச்சியில் கம்பிவலை கேமராவுக்குத் தொல்லைதான். சரி, ஆனாலும் அந்தச் செங்கல் நிறக் குவிமாடம் முழுதாகக் கண்ணெதிரே நிற்பது இங்கிருந்துதான். குவிமாடத்தின் மேல் நிற்பவருக்குக் குவிமாடம் தெரியாதே!

படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் மணிக்கோபுரம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் மறுபடியும் குவிமாடத்துக்கே போவேன், அந்தப் பேய்களுக்காக.